மியூனிக் வழியாக வந்த யாழ்ப்பாணத்து வயலின்

இன்று ஓர் இசைக்கலைஞனுக்கு ஒலிப்பதிவு நிறுவனம் எதற்கு என்று இளைய பத்திரிகையாளர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். கைத்தொலைபேசியில் பதிவு செய்யலாம். மறுகணமே உலகுக்கு அனுப்பலாம். இடையில் ஒரு நிறுவனம் நின்று செய்வது என்ன என்பது அவரது வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே கேள்வியைப் பத்திரிகைக்கும் கேட்கலாம். எழுதத் தெரிந்தவர் எழுதுகிறார், வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்கிறார், நடுவில் ஆசிரியர் எதற்கு? நாற்பது ஆண்டுகள் செய்தியறையில் கழித்தவனுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். நல்ல ஆசிரியர் எழுத்தை உருவாக்குவதில்லை. எது எழுதப்பட வேண்டியது என்பதை முதலில் அறிந்து, அது எழுதப்படும்வரை காத்திருக்கிறார். இசையிலும் அத்தகைய ஆசிரியர்கள் உண்டு. அவர்களுள் ஒருவரைப் பற்றியும், அவர் வழியாகக் கண்டியில் இருந்த எனக்கு வந்து சேர்ந்த ஒரு வயலினைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறேன்.

ஈ.சி.எம். என்ற மூன்றெழுத்து நம்மவர் பலருக்குப் புதிதாக இருக்கலாம். 'சமகால இசைப் பதிப்பு' என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. 1969இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில் மன்பிரெட் ஐகர் என்பவர் அதனை ஆரம்பித்தார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. பேர்லினில் இசை பயின்றவர். டபிள் பேஸ் வாசித்தவர். பெரிய செவ்வியல் இசை நிறுவனமொன்றில் தயாரிப்பு உதவியாளராக வேலை பார்த்தவர். முதல் இசைத்தட்டு ஐரோப்பாவில் குடியேறியிருந்த கறுப்பின அமெரிக்கப் பியானோக் கலைஞர் மல் வால்ட்ரனுடையது. அது 1969 நவம்பரில் பதிவாயிற்று. பெருநிறுவனங்கள் ரொக் இசையின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஜாஸ் விற்காது என்பதே கணக்குப் பிள்ளைகளின் முடிவாக இருந்தது. அந்த முடிவை ஏற்றுக்கொள்ளாத ஒருவரின் பிடிவாதம் இன்று ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட வெளியீடுகளாக நிற்கிறது.

எமது ஊரில் ஜாஸ் முற்றிலும் அந்நியமானதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். டேவ் புரூபெக் குழு 1958இலும், டியூக் எலிங்டன் குழு 1963இலும் அமெரிக்க அரசின் கலாசாரத் தூதர்களாக இலங்கைக்கு வந்து சென்றன. அக்காலப் பத்திரிகைகளைப் புரட்டினால் அச்செய்திகளைக் காணலாம். ஆனால் என் தலைமுறைக்கு ஜாஸ் வந்தது மேடை வழியாக அல்ல, சிற்றலை வழியாக. 1955இல் ஆரம்பித்த 'வொய்ஸ் ஒப் அமெரிக்கா'வின் ஜாஸ் நிகழ்ச்சியை வில்லிஸ் கொனோவர் நடத்தினார். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களுக்கும் விளங்கும்படி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். மலை சூழ்ந்த கண்டியில் இரவு நேரத்தில் அலைவரிசை ஏறி இறங்கும். ட்ரம்பெட் ஒலி மகாவலிக்கு அப்பாலிருந்து வருவது போல நெருங்கி, பிறகு அப்படியே மங்கிப் போகும். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு விறாந்தையில் வானொலியை எந்த மூலையில் வைத்தால் இரைச்சல் குறையும் என்பது எனக்கு மனப்பாடம்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்தன. அரிசிக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற நாட்டில் வெளிநாட்டு இசைத்தட்டைத் தேடுவது நகைப்புக்குரிய காரியம். 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது கசெட் றெக்கோடர்கள் மலைபோல் வந்து குவிந்தன. அந்நாட்களில்தான், ஜேர்மனியில் மேற்படிப்பை முடித்துப் பேராதனைக்குத் திரும்பிய விரிவுரையாளர் ஒருவர் சில இசைத்தட்டுகளைக் கொண்டு வந்திருந்தார். சனிக்கிழமை மாலைகளில் அவரது விடுதியில் நாலைந்து பேர் கூடுவோம். தமிழரும் சிங்களவரும் பறங்கியரும் அக்கூட்டத்தில் இருந்தனர். தட்டிலிருந்து கசெட்டிற்குப் பிரதி செய்துகொள்வோம்.

அங்கேதான் முதன்முறையாக ஈ.சி.எம். ஒலியைக் கேட்டேன். சிற்றலையின் இரைச்சலில் பழகிய காதுக்கு அது பேரதிர்ச்சியாக இருந்தது. இசைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமின்மை வெறுமையாகவும் இல்லை. ஒரு பியானோச் சுரம் எழுந்தால், அது முழுவதுமாக அடங்கும்வரை அடுத்த சுரம் பொறுத்திருந்தது. சிம்பலைத் தொட்ட குச்சியின் மரத்தன்மை கேட்டது. எங்கள் கூட்டத்தில் ஒருவர், "இது ஹந்தானை உச்சியில் விடியற்காலையில் நிற்பது போல இருக்கிறது" என்றார். அன்றைக்கு அதைவிடச் சிறந்த விமர்சனத்தை எவரும் சொல்லவில்லை.

அந்த ஒலி தற்செயலாக உருவானதல்ல. ஐகர் பதிவுக்கூடத்தில் பணம் கொடுப்பவராக மட்டும் அமர்ந்திருக்கவில்லை. அங்கிருந்த அத்தனை பேரிலும் கூர்மையாகக் கேட்பவராக இருந்தார். நோர்வேயின் ஒஸ்லோ நகரில் யான் எரிக் கொங்ஸ்ஹாக் என்ற ஒலிப்பதிவுப் பொறியியலாளரோடு அவர் கைகோர்த்தார். பெரும்பாலான தட்டுகள் இரண்டு நாளில் பதிவாகி, மூன்றாம் நாளில் ஒலிச்சேர்க்கை முடிந்துவிடும். மாதக்கணக்கில் ஒட்டுப்போடும் வேலை அங்கே இல்லை. கலைஞர்கள் ஒரே அறையில் ஒருவரை ஒருவர் கேட்டபடி வாசித்தார்கள். எந்த உருப்படி முதலில், எது கடைசியில், இரண்டிற்கும் நடுவே எத்தனை செக்கன் மௌனம் என்பவற்றையும் ஐகர் தீர்மானித்தார். நிறுவனத்தின் இறுவட்டுகளை ஓடவிட்டால் முதற் சுரத்துக்கு முன்பு ஐந்து செக்கன் மௌனம் இருக்கும். பார்பரா வொயிர்ஷ் போன்ற வடிவமைப்பாளர்கள் செய்த அட்டைகளில் கலைஞரின் சிரித்த முகம் இராது. ஒரு கடல், ஒரு வானம், சில எழுத்துகள், அவ்வளவே.

பணம் எங்கிருந்து வந்தது என்று பத்திரிகையாளன் கேட்காமல் இருக்க முடியாது. 1975 ஜனவரி 24ஆம் திகதி ஜேர்மனியின் கொலோன் நகர இசையரங்கில் கீத் ஜாரெட் தனியாகப் பியானோ வாசித்தார். அவர் கேட்ட பியானோ வரவில்லை. மேடையில் நின்றது சிறியதொரு பியானோ. கீழ்ச் சுரங்களில் வலுவில்லை, மேற்சுரங்கள் தகரம் போல ஒலித்தன. எனவே நடுப்பகுதியிலேயே நின்று, இடது கையால் ஒரே அலையை மீண்டும் மீண்டும் எழுப்பி, முன்தயாரிப்பு ஏதுமின்றி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வாசித்தார். அதுவே இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தது. சுமார் நாற்பது இலட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. தனிப் பியானோத் தட்டு ஒன்றுக்கு அது எண்ணிப் பார்க்க முடியாத தொகை. பிறகு 1994இல் நோர்வே சக்சபோன் கலைஞர் யான் கார்பரெக், பழைய தேவாலயப் பாடல்களைப் பாடும் ஹிலியர்ட் குழுவினரோடு சேர்ந்து செய்த தட்டும் பத்து இலட்சத்தைத் தாண்டியது. விற்ற சில தட்டுகள் விற்காத நூற்றுக்கணக்கான தட்டுகளைச் சுமந்தன. நெல் வயலில் வரும் வருமானத்தைக் கொண்டு பூந்தோட்டம் வைப்பவனின் கணக்கு அது. பெருநிறுவனமாக இருந்திருந்தால் பங்குதாரர்கள் பூந்தோட்டத்தை மூடிவிட்டு, எல்லா நிலத்திலும் நெல்லை நடச் சொல்லியிருப்பார்கள்.

சமகால ஜாஸில் இந்நிறுவனத்தின் செல்வாக்கு என்ன? மூன்று விடயங்களைச் சொல்லலாம். முதலாவது, ஜாஸ் கலைஞன் நியூயோர்க்கின் உச்சரிப்பில்தான் பேசியாக வேண்டும் என்ற நிலை மாறியது. நோர்வேக்காரன் தன் நாட்டு மலைப்பாடலை வைத்துக்கொண்டும், துனீசியாவின் அனுவர் பிராஹிம் தனது ஊத் கருவியை வைத்துக்கொண்டும், பிரேசிலின் எக்பேர்த்தோ ஜிஸ்மொந்தி தன் கிற்றாரை வைத்துக்கொண்டும் அதே மேடையில் ஏற முடிந்தது. இரண்டாவது, மௌனத்தை இசைக்கருவியாகப் பயன்படுத்தும் துணிச்சல் வந்தது. வேகமும் உரப்பும்தான் திறமை என்ற எண்ணம் தளர்ந்தது. மூன்றாவது, பதிவு என்பது கச்சேரியின் நிழல் அல்ல, தன்னளவில் ஒரு படைப்பு என்ற கருத்து நிலைபெற்றது. பின்னர் வந்த பல சிறு நிறுவனங்கள் இந்த மூன்றையும் பாடமாகக் கொண்டன.

எதிர்க்குரல்களும் உண்டு. எல்லாத் தட்டுகளிலும் ஒரே பனிக்குளிர், ஒரே எதிரொலி என்று குறை சொல்வோர் ஆரம்பம் தொட்டே இருந்து வருகின்றனர். ஜாஸின் வேர் கறுப்பின மக்களின் வியர்வையிலும் கண்ணீரிலும் நடனத்திலும் இருக்க, அதைக் கழுவித் துடைத்து ஐரோப்பிய வரவேற்பறைக்கு ஏற்றதாக்கிவிட்டார்கள் என்பது அவர்களின் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஆர்ட் என்செம்பிள் ஒப் சிக்காகோவையும், டொன் செரியையும், வாடாடா லியோ ஸ்மித்தையும் எழுபதுகளிலேயே பதிவு செய்ததும் அதே நிறுவனந்தான். குற்றச்சாட்டையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நேர்மை.

இனி அந்த வயலினுக்கு வருகிறேன்.

வி. லட்சுமிநாராயணா என்ற வயலின் வித்துவான் யாழ்ப்பாணத்தில் இசைப் பேராசிரியராகப் பணியாற்றியவர். அவரது பிள்ளைகள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகியோரின் இளமைக்காலம் அங்கே கழிந்தது. பின்னாளில் வைத்தியநாதன் திரைப்பட இசையமைப்பாளரானார். சுப்பிரமணியம் உலக அரங்குகளில் புகழ் பெற்றார். இளையவர் சங்கர் 1950இல் பிறந்தவர். சிறு குழந்தையாக அவர் வயலினைக் கையில் எடுத்தது யாழ்ப்பாணத்தில்தான். 1958இல் இனக்கலவரம் மூண்டது. அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. இந்த நாடு எட்டு வயதுப் பையன் ஒருவனை அப்படித்தான் வழியனுப்பி வைத்தது.

சங்கர் 1969இல் அமெரிக்காவுக்குச் சென்று வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இனவரைவு இசையியல் பயின்றார். அங்கே கிற்றார் கலைஞர் ஜோன் மெக்லாக்லினின் தொடர்பு கிடைத்தது. அவர்களோடு சாகிர் ஹுசைனும் விக்கு விநாயக்ராமும் சேர்ந்து 'சக்தி' குழு உருவாயிற்று. 1976க்கும் 1977க்கும் இடையில் மூன்று தட்டுகள் வந்தன. அவற்றை வெளியிட்டது கொலம்பியா என்ற பெருநிறுவனம். மின்சாரக் கிற்றாரால் அரங்குகளை அதிரச் செய்த மெக்லாக்லின் சம்மணமிட்டு அமர்ந்து மரக்கிற்றார் வாசித்ததை அந்நிறுவனம் பெரிதாக விரும்பவில்லை என்பது ஜாஸ் உலகில் பலரும் அறிந்த கதை. எழுபதுகளின் இறுதியில் சக்தி கலைந்தது.

அதன் பின்னர் நடந்ததே என் கட்டுரைக்கு முக்கியம். 1980 நவம்பரில் ஐகர், சங்கரை ஜேர்மனியின் லுட்விக்ஸ்பேர்க் நகரத்துப் பதிவுக்கூடத்துக்கு அழைத்தார். சங்கரிடம் அப்போது புதியதொரு கருவி இருந்தது. இரண்டு கழுத்தும் பத்துத் தந்திகளும் கொண்ட இரட்டை வயலின் அது. வயலினின் உச்சத்திலிருந்து டபிள் பேஸின் ஆழம் வரைக்கும் அதில் இறங்கலாம். மிருதங்கத்துக்கு உமையாள்புரம் சிவராமன், தபேலாவுக்கு சாகிர் ஹுசைன். தாளம் போட்டு நடத்தியவர் தந்தை லட்சுமிநாராயணா. தட்டின் ஒரு பக்கம் முழுவதும் இராகம் தானம் பல்லவி. மறுபக்கம் 'ஆனந்த நடமாடும் தில்லை சங்கரா'. அதில் சக்சபோன் இல்லை, பியானோ இல்லை, ஜாஸ் என்று சொல்லத்தக்க எதுவுமே இல்லை. முழுக்க முழுக்கக் கர்நாடக இசையை ஒரு ஜாஸ் நிறுவனம் தன் வழக்கமான அட்டையில் சுற்றி ஜாஸ் வாசகர்களிடம் கொடுத்தது.

இதன் பெறுமதியை உணர நமது இசைத்தட்டு வரலாற்றைச் சற்று நினைக்க வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடந்தான் அடங்கும். எனவே மேதைகள் தம் கலையை மூன்று நிமிடத்துக்குள் மடித்து வைத்தார்கள். ஆலாபனை ஒரு கோடாகியது, நிரவல் மறைந்தது, தனியாவர்த்தனம் இடமில்லாமல் வெளியே நின்றது. நீள்தட்டு வந்த பின்னரும் நம்மூர் வியாபாரிகள் ஒரு பக்கத்தில் எத்தனை பாட்டுப் போடலாம் என்றுதான் கணக்குப் பார்த்தார்கள். இராகம் தானம் பல்லவிக்கு ஒரு பக்கத்தை அப்படியே ஒதுக்கி, தம்புராவின் ஒவ்வோர் அதிர்வும் கேட்கும்படி பதிவு செய்ய ஒரு ஜேர்மனியர் முன்வந்தார். அதிலும் தந்தையின் தாளமும் மகனின் வில்லும் ஒரே அறையில் இருந்தன.

பேராதனை விரிவுரையாளரின் தட்டுகளில் அதுவும் ஒன்றாக வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த நண்பர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "எங்கட ஊரில் தொடங்கினது எங்கெல்லாம் சுற்றி வந்து எங்களிட்டச் சேர்ந்திருக்குது, பாருங்கோ" என்றார். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரே இரவில் ரயில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் அந்த வயலின் சென்னை, அமெரிக்கா, ஜேர்மனி என்று சுற்றி எங்களிடம் வந்திருந்தது.

1983 ஏப்ரலில் சங்கர், கார்பரெக்கோடும் டென்மார்க்கின் பாலே மிக்கெல்போர்க்கோடும் ஒஸ்லோவில் இன்னொரு தட்டைப் பதிவு செய்தார். இரட்டை வயலினும் சக்சபோனும் ட்ரம்பெட்டும் அதில் இணைந்தன. மூன்று மாதங்களுக்குப் பின் இங்கே ஆடிக் கலவரம். ஜூலை 26ஆம் திகதி கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தன. நாங்கள் குடியிருந்த வீடும் தப்பவில்லை. சிங்கள நண்பர் ஒருவரின் வீட்டில் மூன்று நாட்கள் இருந்தோம். எரிந்தவற்றுள் பாத்திரம் பண்டங்களையும் சான்றிதழ்களையும் பற்றி முகாமில் எழுதிக் கொடுத்தேன். பத்து வருடமாகச் சேர்த்த கசெட்டுகளை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? அவற்றில் வானொலியிலிருந்தும் தட்டுகளிலிருந்தும் எடுத்த பிரதிகள் பல. அவற்றை மீண்டும் பெற்றுவிட்டேன். சங்கரின் தட்டைப் பல வருடங்களுக்குப் பின் இறுவட்டாக வாங்கினேன். மியூனிக்கில் மூலநாடா பத்திரமாக இருந்தபடியால் அது சாத்தியமாயிற்று. ஆனால் கோவில் திருவிழாக்களில் நானே பதிவு செய்த நாடாக்களுக்கு மூலநாடா வேறெங்கும் இல்லை. அவை போனது போனதுதான்.

ஒரு நிறுவனத்தின் பெறுமதி எனக்கு விளங்கியது அப்போதுதான். அது வெளியிடுவது பாதி வேலை. காப்பாற்றி வைத்திருப்பது மற்றப் பாதி.

சங்கரின் பயணம் தொடர்ந்தது. 1984இல் கார்பரெக், சாகிர் ஹுசைன், ட்ரிலோக் குர்ட்டு ஆகியோரோடு ஒரு தட்டு. பிறகு விக்கு விநாயக்ராமுடன் பஞ்சநடைப் பல்லவி. 1987இல் சாகிர் ஹுசைன் தன் பெயரில் ஹரிபிரசாத் சௌராசியா, மெக்லாக்லின், கார்பரெக் ஆகியோரோடு செய்த தட்டும் அதே நிறுவனத்தில் வந்தது. பெங்களூரின் ஆர்.ஏ. ரமாமணியும் கர்நாடக தாளவாத்தியக் கல்லூரியினரும் சக்சபோன் கலைஞர் சார்லி மரியானோவோடு இணைந்த பதிவும் அங்கேயே வெளியாயிற்று. கர்நாடக இசையின் லயக் கணக்கு ஜாஸ் கலைஞர்களின் காதுக்குப் போய்ச் சேர்ந்த வழிகளில் இந்தத் தட்டுகளும் அடங்கும்.

அடுத்த தலைமுறையில் இது வேறோர் உருவம் எடுத்தது. தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயர் பௌதிகம் படித்தவர். சிறு வயதில் வயலின் கற்றவர். பியானோவைப் பெரும்பாலும் தானாகவே கைவரப் பெற்றவர். 1995இல் அவரது முதல் தட்டை வெளியிட்டது, ஆசிய அமெரிக்கக் கலைஞர்கள் தமக்கெனச் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய 'ஏசியன் இம்ப்ரொவ்' என்ற சிறு நிறுவனம். பிறகு வேறு சில சிறு நிறுவனங்கள். அதன் பின் ஜேர்மனியின் இன்னொரு சுயாதீன நிறுவனமான 'ஆக்ட்'. அங்கே 2011இல் சென்னைக் கிற்றார் கலைஞர் பிரசன்னாவோடும் தபேலாக் கலைஞர் நிதின் மித்தாவோடும் அவர் செய்த 'தீர்த்த' வெளிவந்தது. 2014 முதல் ஈ.சி.எம். நியூயோர்க்கின் 'பை' என்ற சிறு நிறுவனம் 2008இல் ருத்ரேஷ் மஹந்தப்பாவையும் எமது கத்ரி கோபால்நாத்தையும் இரு சக்சபோன்களோடு எதிரெதிரே அமர்த்தியது. மறுபடி ஒன்றுகூடிய சக்தி குழு 2023இல் வெளியிட்ட தட்டுக்கு அடுத்த ஆண்டு கிராமி விருது கிடைத்ததே, அதை வெளியிட்டதும் அமெரிக்காவிலுள்ள ஒரு சுயாதீன நிறுவனந்தான். அவ்வாண்டு டிசம்பரில் சாகிர் ஹுசைன் மறைந்தார். நல்லவேளையாக, அந்தப் பதிவு கைவசம் இருந்தது.

இத்தனை பெயர்களையும் அடுக்குவது பெருமை பேச அல்ல. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும், "இதைக் கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், நாம் வெளியிடுவோம்" என்று சொன்ன சிறு நிறுவனம் ஒன்று நிற்கிறது. எங்கள் ஊரில் அப்படிச் சொன்னவர் யார்?

யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் மறைந்த அந்தத் தவில் மேதையை இந்திய வித்துவான்களே தலைவணங்கி ஏற்றார்கள். அவர் வாசித்தவற்றில் இன்று கேட்கக் கிடைப்பவை மிகச் சில. அவையும் ரசிகர்கள் தம் ஆர்வத்தினால் எடுத்து வைத்தவை. அவரைப் பற்றி அம்ஷன் குமார் 2015இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். தேசிய விருதும் பெற்றார். மேதையைப் பற்றிய பேச்சு நிறைய இருக்கிறது, மேதையின் ஒலி கொஞ்சமே இருக்கிறது. அவர் வாழ்ந்த காலத்தில் ஓர் ஐகர் யாழ்ப்பாணத்தில் இருந்து, நல்ல ஒலிவாங்கிகள் நான்கோடு இரண்டே இரண்டு நாட்கள் அவரை அமர்த்தியிருந்தால்?

அது யாழ்ப்பாணத்தின் கதை. கண்டியின் கதை இன்னும் மோசம். பெரஹராக் காலத்தில் இங்கே வீதி முழுக்கக் கெட்ட பெரயவும் தவுலவும் தம்மெட்டமவும் ஹொரணையும் முழங்கும். தவுல என்ற பெயரில் நமது தவிலும், ஹொரணையின் குரலில் நமது நாகசுரமும் உறவு சொல்லும். அதே மலைகளில் தோட்டத்து மக்களின் தப்பு இருக்கிறது. மாசியில் காமன் கூத்துக்கு இரவிரவாக அடிக்கிறார்கள். ஒரே பள்ளத்தாக்கில் இவ்வளவு தோற்கருவிகள்! ஆனால் சிறுநகரங்களின் கடையில் கேட்டால், சென்னைச் சினிமாப் பாட்டும் கொழும்புப் பைலாவும் கிடைக்கும். இவை கிடைக்கா.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கண்டிக்கு அண்மையிலுள்ள கோவிலொன்றின் தவில் வித்துவான் காலமானார். ஐம்பது வருடம் வாசித்தவர். தோட்டத்திலே பிறந்து, யாழ்ப்பாணத்தில் குருகுலமாக இருந்து கற்றுத் திரும்பியவர். அஞ்சலிக் குறிப்பொன்று எழுதுவதற்காக அவரது வீட்டுக்குச் சென்றேன். விவரங்களை எல்லாம் சொல்லி முடித்த பின் அவருடைய மகன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்பா வாசிச்சது எங்கயாவது பதிவாகி இருக்குமா, ஐயா? உங்களுக்குப் பத்திரிகை, ரேடியோ எல்லாம் தெரியுமே." கலியாண வீடியோக்களில் இருக்கிறது என்றும், அதில் தவிலுக்கு மேல் வீடியோக்காரர் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார் என்றும் அவரே சொன்னார். இரண்டு அங்குலக் குறிப்பு வெளிவந்தது. அவர் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் அதில் சரியாக இருந்தன. அவர் எப்படி வாசித்தார் என்பதை எந்த அங்குலத்தில் எழுதுவது?

அதன் பின்னர் நண்பர்கள் மூவர் சேர்ந்து, கண்டி, மாத்தளை, நுவரெலியாப் பகுதிகளின் மூத்த கலைஞர்களைப் பதிவு செய்ய உதவி கேட்டு ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தோம். அங்கே எங்களை மரியாதையாக உபசரித்தார்கள். தேநீரும் தந்தார்கள். "இதற்குச் சந்தை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்கள். கொலோன் பியானோவின் கதையை அவர்களுக்குச் சொல்லிப் பார்த்தேன். சந்தை இருக்கிறதென்று தெரிந்த பிறகு ஐகர் ஆரம்பிக்கவில்லை என்றேன். அவர்கள் தலையசைத்தார்கள். பதில் இதுவரை வரவில்லை.

பதிலுக்குக் காத்திராமல் நாங்களே தொடங்கியிருக்கிறோம். கையடக்கப் பதிவுக்கருவி ஒன்று, ஒலிவாங்கிகள் இரண்டு. விடுமுறை நாளில் பாடசாலை மண்டபம் ஒன்றைக் கேட்டு வாங்கினோம். தகரக் கூரையில் மழை விழுந்தால் வேலை நடக்காது. கண்டியில் மழையில்லாத பிற்பகலைத் தேடுவது ஒரு தவம். மின்விசிறியை நிறுத்துகிறோம். ஓட்டோ ஒன்று போய் முடியும்வரை காத்திருக்கிறோம். முதலில் ஒரு நாகசுர வித்துவான் வந்தார். வழக்கமாகச் சனக்கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே ஊதிப் பழகியவர். அமைதியான மண்டபத்தில் அமர்ந்ததும், "இப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லை, மெதுவா வாசிக்கலாமா?" என்றார். மெதுவாகவே வாசித்தார். தோடி இராகத்தை முப்பத்தெட்டு நிமிடம் வாசித்தார். அறுபது வருடமாக அவருக்குள் அந்த மெல்லிய தோடி இருந்திருக்கிறது. கேட்பதற்கு மௌனமான ஓர் அறை இல்லாதபடியால் அது வெளியே வரவில்லை.

இதுவரை ஆறு கலைஞர்களைப் பதிவு செய்திருக்கிறோம். அவர்களுள் இருவர் தப்பு வாசிப்பவர்கள். ஒருவர் கெட்ட பெரயக் கலைஞர். ஒவ்வொரு பதிவிலும் மூன்று பிரதிகள் எடுத்து மூன்று வேறு வீடுகளில் வைத்திருக்கிறோம். ஒரு வீடு எரிந்தாலும் மற்ற இரண்டும் இருக்கும் என்ற கணக்கு. இளைஞர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். 1983ஐக் கண்டவர்கள் சிரிப்பதில்லை.

ஈ.சி.எம். தன் பட்டியலை இணைய ஒலியோடைகளுக்குத் திறந்துவிட்டது 2017 நவம்பரில்தான். அதுவரையில், தட்டாகவே கேட்க வேண்டும், அட்டையைக் கையில் வைத்து ஆரம்பம் முதல் முடிவு வரை கேட்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். திறந்தபோதும், கேட்பவர்களைச் சென்றடைவதே முதன்மை என்ற வகையில் விளக்கம் தந்தார்கள். அந்தப் பிடிவாதமும் சரி, அந்த விட்டுக்கொடுப்பும் சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஐம்பது வருடம் கதவைக் காத்தவனுக்குத்தான் அதை எப்போது திறப்பது என்பதும் தெரியும்.

எங்கள் பட்டியலில் இன்னும் பதினொரு பெயர்கள் உள்ளன. மிக இளையவருக்கு அறுபத்து நான்கு வயது, மூத்தவருக்கு எண்பத்தொன்பது. அவர் மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மகளோடு இருக்கிறார். காமன் கூத்தின் பாட்டு முழுவதும் அவருக்கு மனப்பாடம் என்கிறார்கள். கண் பார்வை குறைந்துவிட்டது. குரல் இன்னும் இருக்கிறதாம். வரும் ஞாயிற்றுக்கிழமை மழையில்லாவிட்டால் போகிறோம். மழை பெய்தாலும் போகத்தான் வேண்டும்.